கானாடுகாத்தானில் அறுபதாம் கல்யாணச் சாந்தி, வீட்டுக்கு மேலே ட்ரோன்: யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கானாடுகாத்தான் பேரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தை மாதம் எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அறுபது, சாந்தி வைத்திருக்கிறோம். சென்னையிலேயே ஒரு மண்டபம் பார்க்கலாம் என்று நானும் தங்கையும் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கானாடுகாத்தானில் ஐயா (தாத்தா) கட்டிய செட்டிநாட்டு வீட்டில்தான் என்று பிடிவாதம். சரி, அதுவும் நல்லதுதான். வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. தரையில் நின்று எப்படி எடுத்தாலும் முகப்பு மட்டும்தான் படத்தில் விழும். முகப்பு, வளவு (நடு முற்றம்), அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு என்று மொத்த நீளமும் தெரிய வேண்டும் என்றால் மேலே இருந்துதான் எடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் டிஜேஐ மினி ட்ரோன் ஒன்று வாங்கி வருகிறேன் என்கிறான். 250 கிராமுக்குக் கீழே இருந்தால் எந்தச் சட்டமும் கிடையாது என்பது அவன் வாதம். இதற்கிடையில் பக்கத்துத் தெருவில் ஹோம்ஸ்டே நடத்துபவர், 'எங்க வீட்டையும் நாலு ஷாட் எடுத்துக் குடுங்க தம்பி, உங்க விருந்தாளிகளுக்கு ரெண்டு ரூம் சும்மா தர்றேன்' என்கிறார். ஊர்ப் பக்கம் பழைய ஏரோடிரோம் வேறு இருக்கிறது. அதனால் ஏதாவது தடை உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா சுத்துறவன்:

கானாடுகாத்தானில் யார் சார் வந்து கேட்கப் போகிறார்கள்? வாரத்துக்கு ஒரு யூடியூப்காரர் வந்து பறக்கவிட்டுப் போகிறார். தாராளமாக ஏற்றுங்கள்.

செக்காலை ரோடு கேமரா:

மேலே சொன்னவர் சொல்வது நடப்பு. நீங்கள் கேட்டது விதி. காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுத்துத்தான் பிழைக்கிறேன், ட்ரோன் பறக்கவிடுவதற்கான ரிமோட் பைலட் சான்றிதழும் வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மச்சானுக்குப் போன் போட்டு வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 2022 பிப்ரவரி 9-ஆம் தேதியிலிருந்து வெளிநாட்டு ட்ரோனை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. அதற்கும் தனி அனுமதி வேண்டும். உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தாலும் அதுவும் இறக்குமதிதான். விமான நிலையத்தில் நிரப்பும் சுங்கப் படிவத்திலேயே ட்ரோன் இருக்கிறதா என்று கேட்டிருப்பார்கள். டிவி கொண்டுவருவது போல வரியைக் கட்டிவிட்டு எடுத்துப் போகிற பொருள் இல்லை இது. சாந்திக்கு வருகிறவரை சுங்க அதிகாரி முன்னால் நிற்க வைக்காதீர்கள்.

அப்புறம் எடைக் கணக்கு. 2021 ஆகஸ்ட் 25-இல் வந்த ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது. வயலில் மருந்து தெளிக்கிற ட்ரோன்கள் பெரும்பாலும் இந்தச் சிறியதில் வரும். நானோவுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவுக்கும் சொந்த ஆசைக்குப் பறக்கவிட்டால் தேவையில்லை. காசு வாங்கி எடுத்தால் வேண்டும். மச்சான் கேள்விப்பட்டது இதில் பாதி. சான்றிதழிலிருந்துதான் விலக்கு. வானத்தின் எல்லைகள் நானோவுக்கும் உண்டு.

நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. மினி ரகம் 249 கிராம் என்பது அதோடு வரும் சாதாரண பேட்டரியோடு. கூடுதல் நேரம் பறக்கட்டும் என்று பெரிய பேட்டரி போட்டாலோ, வளவுக்குள் இறக்கும்போது தூணில் இடிக்கக் கூடாது என்று இறக்கைக்குக் கூண்டு மாட்டினாலோ 250-ஐத் தாண்டிவிடும். அந்த நிமிடமே அது மைக்ரோ. மேலே ஏறும்போது என்னவெல்லாம் சேர்ந்திருக்கிறதோ அத்தனையும் எடைதான்.

ஹோம்ஸ்டே விஷயத்துக்கு வருகிறேன். ரூபாய் கைமாறவில்லை என்றாலும் ரெண்டு ரூம் கைமாறுகிறதே! அவர் அந்தப் படத்தை வைத்து வாடகைக்கு ஆள் பிடிக்கப் போகிறார். நான் அதை வியாபாரம் என்றுதான் எடுத்துக்கொள்வேன். நானோ என்றால் அதற்கும் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். மைக்ரோ என்றால் சான்றிதழ் உள்ள ஆள் வேண்டும், வகைச் சான்று, அதாவது அந்த மாடலுக்கான ஒப்புதல், பெற்ற ட்ரோன் வேண்டும், அதை அரசிடம் பதிந்து வாங்கிய தனி அடையாள எண் வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். அந்த நாலு ஷாட்டுக்காக நீங்கள் இத்தனையும் சுமக்க வேண்டுமா? எனக்கென்னவோ ரெண்டு ரூமுக்கும் வாடகை கொடுத்துவிடுவதே லாபம் என்று தோன்றுகிறது.

ஏரோடிரோம் பற்றிக் கவலை வேண்டாம். அது இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம், இப்போது விமானம் எதுவும் இறங்குவதில்லை. விதி பேசுவது இயங்குகிற விமான நிலையத்தைப் பற்றி. அதன் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டர் முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் ஏற்ற முன்அனுமதி வேண்டும். அதைவிட நெருங்கினால் கட்டுப்பாடு இன்னும் இறுகும். திருச்சியும் மதுரையும் நமக்கு அந்தக் கணக்கில் எட்டவே எட்டாது. அரசின் ட்ரோன் வரைபடத்தில் சிவப்பு (தடைப் பகுதி), மஞ்சள் (முன்அனுமதி வேண்டிய பகுதி) என்று குறிக்காத இடம் பச்சை. அங்கே 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, முன்அனுமதி கேட்க வேண்டியதில்லை. உங்கள் வீடு முழுதும் தெரிய அதில் பாதி உயரமே ஏராளம்.

ஆனாலும் அன்று காலை டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தில் அந்த வரைபடத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அது மாறும். மாவட்டத்துக்குப் பெரிய தலைவர் யாராவது வந்தால் எஸ்.பி. நிலையில் உள்ள அதிகாரியே ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம், ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை. தை மாதம் என்றால் சிராவயல் மஞ்சுவிரட்டும் வரும். அந்தப் பக்கம் கூட்டத்துக்கு மேலே ஏற்றிப் பார்க்கிற ஆசை மச்சானுக்கு வரக் கூடாது. விருந்தாளிகளைத் திருமயம் கோட்டைக்குக் கூட்டிப் போனாலும் ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அவர்கள் அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பிகளா, சட்டமெல்லாம் சரி. கீழே இருக்கிற எங்களை யாரும் கேட்கவில்லையே? செட்டிநாட்டு வீடு தெருவுக்கு முகத்தைக் காட்டும், உள்ளே நடப்பதைக் காட்டாது. திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவருக்குக்கூட இரண்டாங்கட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆனால் நடுவில் வளவு வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. அங்கே வத்தல் காயும், துணி காயும், தலைக்குக் குளித்துவிட்டு நாங்கள் முடி ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். போன மாசியில் வந்த ஒன்று எங்கள் வளவுக்கு நேர் மேலே வந்து நின்றது. கையில் இருந்த வத்தல் தட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். பழைய மரச் சாமானுக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கும் திருடர்கள் அலைகிற ஊர் இது. எந்த வீட்டு ஓடு சரிந்திருக்கிறது, எந்தப் பின்கட்டில் ஆள் இல்லை என்று மேலே இருந்து பார்த்தால் தெரிந்துவிடாதா? சத்தம் கேட்டாலே வாட்ச்மேன்கள் தடியோடு வெளியே வருகிறார்கள். முதல் நாளே தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டுப் பங்காளிகளிடமும் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் எத்தனை பங்கு இருக்கிறதோ அத்தனை பேருக்கும் ஒரு வார்த்தை போக வேண்டும். இல்லாவிட்டால் சாந்தியன்று அதுவே பேச்சாகிவிடும்.

சும்மா சுத்துறவன்:

ஆச்சி சொன்ன பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

கானாடுகாத்தான் பேரன்:

எல்லோருக்கும் நன்றி. மச்சானிடம் சொல்லிவிட்டேன், கொஞ்சம் முகம் சுருங்கிப்போனான். ஆச்சி, பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் இன்றே போடுகிறேன். கேமரா அண்ணே, ஆச்சி சொன்னது போலப் பக்கத்து வளவு படத்தில் விழுந்துவிட்டால் அதற்கும் ட்ரோன் விதிப்படி அபராதம் உண்டா? ஊரிலேயே ஒரு ஸ்டுடியோவைப் பிடித்தால் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

செக்காலை ரோடு கேமரா:

ட்ரோன் விதிகளில் அபராதம் அதிகபட்சம் ஒரு லட்சம். மற்ற சட்டங்கள் தனி. பெண்கள் குளிப்பதையோ உடை மாற்றுவதையோ படம் பிடித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவு, அது சிறைக்குப் போகிற வழக்கு. தற்செயலாகப் பக்கத்து வீட்டு வளவு விழுந்தால் எடிட்டிங்கில் வெட்டிவிட வேண்டும். நான் கேமராவை நேர் கீழே கவிழ்ப்பதே இல்லை. உங்கள் முகப்புக்கு எதிரே தெருவின் மேல் ஏற்றி, சாய்வாக எடுத்தால் பக்கத்து வீட்டின் ஓட்டுச் சரிவுதான் தெரியும், உள்ளே தெரியாது. வளவை எடுத்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் வீட்டு வளவுக்குள்ளிருந்தே மேலே ஏற்றி ஓட்டு விளிம்போடு நிறுத்திவிடலாம்.

ஸ்டுடியோவிடம் ட்ரோன் எடை, அடையாள எண், பறக்கவிடுகிற ஆளின் சான்றிதழ், காப்பீட்டுத் தாள் என்று நான்கையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முதலாளியிடம் சான்றிதழ் இருக்கும், வருகிற பையனிடம் இருக்காது, அதைக் கவனியுங்கள். சான்றிதழ் வாங்குவது ஒன்றும் மலை இல்லை. பத்தாவது முடித்து, 18 வயது ஆகி, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி எடுத்தால் பத்து வருடத்துக்குச் செல்லும். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலும் பயிற்சி தருகிறார்கள். தரையில் இருந்தே காசு பார்த்துவிட்ட நம்மாட்கள் பலருக்கு அதற்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

தாலி கட்டும் நேரத்தில் மட்டும் மேலே ஏற்ற வேண்டாம். அந்த இரைச்சலில் நாதஸ்வரம் கேட்காது, பெரியவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலை ஏழு மணிக்குள் வீட்டை எடுத்து முடித்துவிடலாம், அந்த நேரம் வெயில் முகப்புக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். தேதியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். தையில் எனக்கு முகூர்த்தம் நிறைய, நான் வர முடியாவிட்டாலும் சான்றிதழ் உள்ள ஒருவரைச் சொல்கிறேன்.