மறுமொழி: ரிப்ரொடக்‌ஷன் பார்ட் – தமிழில் என்ன?

வணக்கம். பழைய பின்பால் எந்திரங்களுக்கு (சாய்ந்த மேசையில் உலோகப் பந்தை அடித்து விளையாடுபவை) இன்று புதிதாகச் செய்யும் 'ரிப்ரொடக்‌ஷன்' பாகத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு வந்த யோசனைகளைப் பற்றி என் கருத்து இது.

> 'நகல் பாகம்' என்றே எழுதிவிடலாமே? எல்லாருக்கும் புரியும்.

தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. உதிரிபாகக் கடையில் நகல் என்றாலே 'டூப்ளிகேட்', மட்டமான சரக்கு என்ற எண்ணம்தான் வரும். பழைய பின்பால் எந்திரங்களுக்கு இன்று பாகம் செய்பவர்களின் வேலை அப்படிப்பட்டதல்ல. பாலி என்ற அமெரிக்க நிறுவனத்தின் பின்பால் பிரிவை 1988இல் இன்னொரு தயாரிப்பாளரான வில்லியம்ஸ் வாங்கியது. 1999இல் வில்லியம்ஸும் பின்பால் தயாரிப்பைக் கைவிட்டது. காட்லீப் என்ற மற்றொரு தயாரிப்பு நிறுவனம் அதற்கு முன்பே மூடிவிட்டது. முதலில் செய்தவர் இல்லாதபோது வேறு யாராவது செய்துதானே ஆகவேண்டும்?

எந்திரத்தின் முகப்பில் நிற்கும் படக் கண்ணாடியைப் பாருங்கள். அதன் பின்புறத்தில் நிறம் நிறமாகத் திரை அச்சில் படம் பதித்திருப்பார்கள். உள்ளே எரியும் பல்புகளின் சூட்டில் வண்ணம் நாளடைவில் செதில் செதிலாக உரியும். புதிதாகச் செய்பவர் மிஞ்சியதைப் படமெடுத்து, கோடுகளை வரைந்து, நிறம் பொருத்தி அச்சிடுகிறார். இதற்கு 'மீளாக்கப் பாகம்' என்பது என் பரிந்துரை. 'மறுவார்ப்பு' கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் கம்பிச்சுருளுக்கு ஒட்டாது.

சுருள் என்றதும் ஒன்று. பந்தை அடிக்கும் கையான ஃபிளிப்பரை இயக்கும் பாலியின் கம்பிச்சுருள் ஒன்றின் எண் ஏக்யூ-25-500/34-4500. 25 கேஜ் கம்பியில் 500 சுற்று, 34 கேஜ் கம்பியில் 4500 சுற்று (கேஜ் என்பது கம்பியின் தடிமன் அளவு; எண் கூடினால் கம்பி மெல்லியது). செய்முறையே எண்ணில் இருக்கிறது! தடித்த கம்பி வேகமாக இழுக்கும். ஃபிளிப்பரின் கை மேலே போனதும் சுவிட்ச் திறந்து, மெல்லிய கம்பியும் தொடரில் சேர்ந்து, குறைந்த மின்னோட்டத்தில் பிடித்துவைக்கும். சுற்றுக்கணக்கை மாற்றினால் அடியின் பலம் மாறிவிடும். அதை மீளாக்கம் என்று சொல்லக்கூடாது. சுருளுக்குள் இருந்த உலோகக் குழலுக்குப் பதில் நைலான் குழல் போடுவதும் அப்படித்தான்: நன்றாக வேலை செய்யும், ஆனால் அது 'பதிலிப் பாகம்'. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், வாங்குபவருக்கு என்ன கிடைக்கிறது என்றே தெரியாது.

> அந்தக் காலத்திலேயே செய்து விற்காமல் கிடந்ததை 'பழைய புதுப்பாகம்' எனலாமா?

வேண்டாம். 'புது' என்ற சொல்லே அங்கே ஆபத்து. பெட்டியிலேயே கிடந்தாலும் ரப்பர் வளையம் இறுகி வெடிக்கும், பிளாஸ்டிக் மூடி நொறுங்கும். 'புழங்காப் பாகம்' என்றால் பயன்படுத்தவில்லை என்பது மட்டும் தெரியும். நல்ல நிலையில் இருப்பதாக வாக்குக் கொடுக்காது. இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

ஃபிளிப்பருக்குத் 'துடுப்பு' என்ற யோசனையும் வந்திருந்தது. 1947இல் காட்லீபின் ஹம்ப்டி டம்ப்டி என்ற எந்திரத்தில் அறிமுகமான நாள் முதல் அது பந்தைச் சுண்டுகிறது. கேரமைச் சுண்டாட்டம் என்கிற நமக்கு 'சுண்டுகை' இயல்பாக வரும். மறுப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள், பேசுவோம்.