பையில வச்ச தையல் துணியில மண்ணிறப் புள்ளி, நாளைக்குப் பயணம், உதவி!!

உப்புவெளிப்பிள்ளை: அவசரம். கொண்டுபோற தையல் வேலை ஒவ்வொருமுறையும் நாசமாப் போகுது. இந்தமுறை துணியில மண்ணிறப் புள்ளி. நாளைக்கு இரவு திருகோணமலையில இருந்து கொழும்புக்கு வெளிக்கிடுறன், அங்க ஆஸ்பத்திரியில அம்மாவோட சும்மா இருக்கவேணும். எப்பிடிப் பாக் பண்ணுறது? தெரிஞ்சாக்கள் கெதியாச் சொல்லுங்கோ.

கந்தளாய்அக்கா: என்ன தையல் பிள்ளை? குறோசேயா, பூத்தையலா? என்ன துணி? பஸ்ஸா, றெயினா?

சீனக்குடாத்தம்பி: நூல் சாயம் போகுது, வேறொண்டுமில்லை. மலிவு நூல் எல்லாம் இப்பிடித்தான்.

தையல்பெட்டி: இதைப்பற்றி ஏற்கெனவே விரிவா எழுதி வச்சிருக்கிறன். தேடிப் பாக்க ஒருத்தருக்கும் பொறுமை இல்லை. துணி என்ன, ஊசி எங்க வச்சனீங்கள் எண்டு சொல்லாட்டி நான் என்ன சாத்திரியா?

உப்புவெளிப்பிள்ளை: சொறி. வெள்ளைக் கொட்டன், தலையணை உறை, பூத்தையல். துணியை இழுத்துப் பிடிக்கிற வளையத்தோட அப்பிடியே சொப்பிங் பாக்கில சுத்தி வைக்கிறன். ஊசி துணியில குத்தினபடி.

கந்தளாய்அக்கா: அப்ப சாயமில்லை, துரு. கடற்காத்து, கை வேர்வை, அதுக்குமேல ஈரம் வெளியேற விடாத பொலித்தீன். ஊசியின்ர மேல்பூச்சு தேஞ்சிருந்தா ஒரு இரவே காணும். வேலையை நிப்பாட்டினதும் ஊசியைக் கழட்டிப் பிளனல் துண்டில குத்தி, சின்ன மிட்டாய் ரின்னில போடுங்கோ. ஸ்பொஞ்சில குத்தவேண்டாம், அது ஈரம் பிடிக்கும். சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா பைக்கற்று ஒண்டையும் ரின்னுக்குள்ள போட்டுவிடுங்கோ. வளையத்தையும் கழட்டுங்கோ, இல்லாட்டி வட்டமா மடிப்பு விழும். துணியைப் பழைய தலையணை உறைக்குள்ள சுருட்டி வச்சாப் போதும்.

கறைக்குத் தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டு வெயில்ல வச்சு, பிறகு நல்லா அலசுங்கோ. பூ தைச்ச பக்கம் படவிடாதேங்கோ, நூல் வெளிறலாம். குளோறின் மட்டும் வேண்டவே வேண்டாம், துருக்கறை இன்னும் இறுகும்.

தையல்பெட்டி: இதைத்தான் நானும் எழுதியிருக்கிறன். விட்டது என்னெண்டா, நூலை ஒரு முழத்துக்கு மேல வெட்டக்கூடாது, நீட்டா எடுத்தாத்தான் சிக்கு. வீட்டிலேயே நாலைஞ்சு ஊசியில நூல் கோத்து வையுங்கோ, ஓடுற றெயினில மங்கல் வெளிச்சத்தில கோக்க ஏலாது. பூ, இலை உள்ளுக்கு நிரப்புற நிரப்புத் தையல் ஆஸ்பத்திரியில. வழியில கோடு தைக்கிற காம்புத் தையல், சங்கிலித் தையல் மட்டும். நூல் வெட்ட நகவெட்டி போதும். அந்தத் துருப்பிடிச்ச ஊசியை எறிஞ்சிட்டு நாளைக்குப் புதுசு வாங்குங்கோ.

நிலாவெளிமாமி: பொழுதுபட முதல் வாங்குங்கோ பிள்ளை. விளக்கு வச்சபிறகு கடைக்காரர் ஊசி தரமாட்டினம்.

சீனக்குடாத்தம்பி: மாமி, இது எந்தக் காலம்? சுப்பர்மார்க்கற்றில இரவு ஒன்பது மணிக்கும் வாங்கலாம்.

நிலாவெளிமாமி: சுப்பர்மார்க்கற் கதை வேற. எங்கட அம்மம்மா பக்கத்துவீட்டுக்குக் கூட இருட்டினாப்பிறகு ஊசி குடுக்கமாட்டா. லட்சுமி போயிடுவா எண்டு சொல்லுவா.

சீனக்குடாத்தம்பி: லட்சுமி ஊசியிலயா இருக்கிறா? அந்தக் காலம் சிமினி விளக்கு. கீழ விழுந்தா ஆற்றையோ காலில ஏறும், அதுதான் காரணம்.

தையல்பெட்டி: தம்பி, நூல் சாயம் எண்டு சொன்ன ஆள் நீர்தானே?

சீனக்குடாத்தம்பி: அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கந்தளாய்அக்கா: ரெண்டுபேரும் நிப்பாட்டுங்கோ. பிள்ளை, பஸ்ஸா றெயினா எண்டு இன்னும் சொல்லேல்லை. பஸ் எண்டா தையலை எடுக்கவே வேண்டாம், ஹபரணை தாண்டும்வரைக்கும் குலுக்கல்.

நிலாவெளிமாமி: றெயின் மட்டும் என்ன? கல்ஓயாப் பக்கம் யானை எண்டு ஆமையாட்டம் போகும்.

தையல்பெட்டி: மெதுவாப் போனா நல்லதுதானே, தைக்கலாம்.

உப்புவெளிப்பிள்ளை: றெயின்தான். இப்ப ஏறியிருக்கிறன். ஊசி மிட்டாய் ரின்னில. கறை முக்கால்வாசி போயிட்டுது. நன்றி அக்கா. சார்ஜ் முடியுது.

கந்தளாய்அக்கா: சந்தோசம். அம்மாவைக் கவனமாப் பாருங்கோ.

தையல்பெட்டி: வளையம் கழட்டினீங்களோ?