ஸ்மோக்கிங் ரூமா, முழுத் தடையா? சர்வீஸ்ல இருக்கறவங்க சொல்லுங்க

ராத்திரிஷிப்ட்:

வணக்கம் மக்களே. பாரோட சேந்த ஒரு ரெஸ்டாரன்ட்ல ஏழு வருஷமா சர்வீஸ்ல இருக்கேன், இப்போ கேப்டன். இத்தனை நாளா பார் பக்கம் தம் அடிக்க விட்டுட்டு இருந்தாங்க, இப்போ முழுசா நிறுத்தறதா இல்ல மூலைல ஒரு கண்ணாடி ரூம் கட்டி அதுக்குள்ள மட்டும் விடறதான்னு மேனேஜ்மென்ட் யோசிக்குது. ஸ்டாஃப் கிட்ட ஒரு பேப்பர் குடுத்திருக்காங்க, ரெண்டுல ஒண்ணு டிக் அடிக்கணும், கீழ கருத்து எழுத ஒரு கட்டம். பேர் போட வேணாமாம். இருக்கறதே பதினாலு பேர், கையெழுத்த பாத்தே யாருன்னு சொல்லிருவார் எங்க மேனேஜர்.

என் குழப்பம் என்னன்னா நானே தம் அடிக்கற ஆளு. டூட்டி முடிஞ்சதும் பின்பக்க படிக்கட்டுல ரெண்டு. அதனால கஸ்டமர் விடற புகை என்னை என்ன பண்ணிரப்போகுதுன்னுதான் இருந்தேன். ஆனா போன லீவுல பத்து நாள் வீட்ல இருந்தப்போ காலைல வர்ற இருமல் வரல, அப்பவும் அந்த ரெண்டு தம் ஓடிட்டுதான் இருந்துச்சு, அதுலேர்ந்து மனசுல ஏதோ இடிக்குது.

எங்க ஆளுங்க பிரிஞ்சு நிக்கறாங்க. கவுண்டர்ல நிக்கற பையன் ஏற்கனவே வீசிங் பார்ட்டி, அவன் கண்ண மூடிட்டு முழுத் தடைன்னுட்டான். பார் செக்ஷன் சர்வருங்க ரூம் கட்டட்டும்னு சொல்றாங்க, ஏன்னா ரெண்டு மூணு மணி நேரம் உக்காந்து நல்லா டிப்ஸ் வைக்கறது அந்த தம் கோஷ்டிதான். கிச்சன்ல யாருக்கும் அக்கறை இல்ல, அவங்களுக்கு அவங்க புகையே போதும். இந்த மாதிரி மாத்தின இடத்துல வேலை பாத்தவங்க யாராச்சும் இருந்தா உண்மைய சொல்லுங்க, டிப்ஸ் போச்சா, சண்டை வந்துச்சா, நீங்க என்ன டிக் அடிப்பீங்க?

ஐஸ்பக்கெட்:

சகோ, நான் கவுண்டர் ஆளு, தடைக்கு முன்னாடி நாலு வருஷம் பின்னாடி அஞ்சு வருஷம் ஒரே கவுண்டர்ல நின்னவன். அப்போ என்னை கேட்டிருந்தா வேணாம்னுதான் டிக் அடிச்சிருப்பேன், கூட நின்ன முக்காவாசி பேரும் அப்படித்தான், கடையே காத்தாடப்போகுதுன்னு பேசிட்டு இருந்தோம். முதல் மூணு வாரம் காத்தாடவும் செஞ்சுது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அதே மூஞ்சிங்க திரும்பி வந்துச்சு, வெளிய போய் அடிச்சிட்டு உள்ள வந்து உக்காந்தாங்க, அவ்ளோதான்.

எனக்கு பெருசா தெரிஞ்சது உடம்பு. க்ளோசிங் முடிச்சு வீட்டுக்கு போனா கண்ணு எரியாது, சட்டைய வாசல்லயே கழட்டி போடணும்னு அவசியம் இல்ல, பொண்டாட்டி தலைமாட்டுல படுக்க விட்டா. இது என் ஒருத்தன் கதைன்னு நினைக்க வேணாம், கலிபோர்னியால 1998 ஜனவரில பாருக்குள்ள தடை வந்தப்போ சான் பிரான்சிஸ்கோல 53 பார்டெண்டர்களை முன்னாடியும் பின்னாடியும் செக் பண்ணாங்க, 39 பேருக்கு இருமல், இளைப்பு, சளி இப்படி ஏதோ ஒண்ணு இருந்துச்சு, ரெண்டு மாசத்துக்குள்ள அதுல 23 பேருக்கு இல்லாம போச்சு. ஸ்காட்லாந்துல 2006 மார்ச்ல தடை வந்தப்போ டண்டி ஊர்ல தம் அடிக்காத பார் ஊழியர்களை பாத்தாங்க, முன்னாடி 79 சதவீதம் பேருக்கு தொந்தரவு இருந்துச்சு, ரெண்டாவது மாசம் அது 47 ஆயிருச்சு. உன் பத்து நாள் லீவும் இருமலும் எனக்கு ஆச்சரியமாவே இல்ல.

என் டிக் முழுத் தடைக்கு.

மூணாவதுடேபிள்:

எல்லாரும் நல்ல பிள்ளையா பதில் போடுவீங்கன்னு தெரியும், அதனால மறுபக்கம் நான் சொல்றேன். தடை போடறது ஓனர், ஆனா மூணாவது பெக்ல இருக்கற ஆறடி ஆள் கிட்ட போய் சார் கொஞ்சம் வெளியன்னு சொல்றது யாரு, நானு. மேனேஜர் அந்த நேரம் ஆபீஸ் ரூம்ல கணக்கு பாத்துட்டு இருப்பார். ஒருத்தன் என் ட்ரேலயே சாம்பல் தட்டிட்டு சிரிச்சான், நானும் சிரிச்சேன், வேற என்ன பண்றது, பில் வரணுமே.

அப்புறம் தம்முக்கு வெளிய போறேன்னு போய் அப்படியே நடைய கட்டறவனுங்க. ஒரே மாசத்துல எனக்கு ரெண்டு டேபிள், ஒண்ணு என் சம்பளத்துல பிடிச்சாங்க. அதுவும் இல்லாம வெளிய போனவங்க கிளாஸ் மேல யாரு கண்ணு வச்சிருக்கறது, யாராச்சும் எதையாச்சும் கலந்துட்டா யார் தலை உருளும்? இன்னொன்னு யாரும் பேச மாட்டாங்க, ஸ்டாஃப்ல தம் அடிக்கறவனுக்கு ஷிப்டுக்கு நாலு பிரேக், அடிக்காதவனுக்கு சாப்பாட்டு பிரேக் மட்டும், தடை வந்தப்புறம் இவன் வெளிய நடக்கற தூரமும் சேந்துக்குது, அந்த நேரம் அவன் செக்ஷனையும் நான்தான் ஓட்டணும்.

வெளிய இருக்கற டேபிள்ல புகை முன்னைவிட டபுள். அங்க டூட்டி விழுந்தவனுக்கு எந்த தடை? நான் தம்முக்கு சப்போர்ட் இல்ல, ஆனா இத்தனையும் எழுதாம வெறும் டிக் அடிச்சு குடுத்தா நம்ம தலைலதான் விடியும்.

டக்ட்வேலை:

நான் சர்வீஸ் ஆள் இல்ல, ஏசி டக்ட் போடற வேலை, இந்த மாதிரி கண்ணாடி ரூம் நிறைய கட்டி குடுத்திருக்கேன், அதனால ஒரு விஷயம். ஓனருங்க கேக்கறது எப்பவும் ஒண்ணுதான், புகை வெளிய வரக்கூடாது பாஸ். ரூமுக்குள்ள விடற காத்தைவிட அதிகமா இழுத்து கூரைக்கு மேல தள்ளணும், அந்த காத்து திரும்ப ஏசிக்கு போகக்கூடாது, கதவு தானா மூடணும். காகிதத்துல நல்லாத்தான் இருக்கும். ஆனா கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஆளோட சேந்து புகையும் வெளிய வரும், சனிக்கிழமை ராத்திரி அந்த கதவு மூடியே நான் பாத்ததில்ல. ஃபில்டர் மாத்தறதும் முதல் வருஷத்தோட நின்னுரும்.

அதைவிட முக்கியமானது, அந்த ரூமுக்குள்ள ட்ரே தூக்கிட்டு போறது யாரு, ஆஷ்ட்ரே மாத்தறது யாரு, ராத்திரி சோஃபா துடைக்கறது யாரு? வெளிய பரவியிருந்த மொத்த புகையையும் பத்துக்கு பன்னண்டு ரூம்ல அடைச்சு அதுக்குள்ள உங்கள்ல ஒருத்தரை அனுப்பறாங்க. பக்கத்துல இருக்கறவன் இழுக்கற புகையில பெரும்பங்கு தம் அடிக்கறவன் ஊதறதே இல்ல, ஆஷ்ட்ரேல சும்மா எரிஞ்சிட்டு இருக்கற நுனிலேர்ந்து வர்றது, அது சிகரெட்டோட ஃபில்டர் பஞ்சு வழியா வர்றதே இல்ல. அமெரிக்காவோட சர்ஜன் ஜெனரல் (அந்த அரசாங்கத்தோட தலைமை சுகாதார அதிகாரி) 2006 அறிக்கைல தெளிவா போட்டுட்டாங்க, தனி இடமோ காத்தோட்டமோ இதுக்கு வழியே இல்லன்னு. எங்க தொழில்ல ஏசி இன்ஜினியர்களோட சங்கமான ஆஷ்ரே கூட கிட்டத்தட்ட அதையேதான் சொல்லுது. ரூம் கட்டினா எனக்கு காசு, இருந்தாலும் சொல்றேன், கட்டாதீங்க.

சங்கத்துக்காரி:

மூணாவதுடேபிள் அண்ணே, நீங்க எழுதினதுல ஒரு வரி கூட தப்பில்ல. நான் தொழிலாளர் சங்க வேலைல இருக்கேன், இந்த பேச்சுவார்த்தைல ரெண்டு தடவை உக்காந்திருக்கேன். ஊழியர்கள் எதுக்குறாங்க எதுக்குறாங்கன்னு மேனேஜ்மென்ட் சொல்லும், உக்காந்து கேட்டா யாரும் சுத்தமான காத்தை எதுக்கல, கஸ்டமர் கிட்ட போலீஸ் வேலை பாக்கறதையும் டிப்ஸ் போறதையும்தான் எதுக்குறாங்க. கேள்விய எப்படி கேக்கறாங்கங்கறதுல நிறைய இருக்கு. தடை வர்றதுக்கு முன்னாடி கேட்டா பயம் பதில் சொல்லும், ஒரு வருஷம் கழிச்சு கேட்டா அனுபவம் பதில் சொல்லும். ஸ்காட்லாந்துலயும் நார்வேலயும் அதே ஊழியர்களை முன்னாடி பின்னாடி கேட்டப்போ ஆதரவு ஏறித்தான் இருந்துச்சு. தம் அடிக்கற ஊழியர்கள் ஆதரவு கம்மி, அது எல்லா இடத்துலயும் இருக்கறதுதான்.

2004 மார்ச் 29 அன்னைக்கு அயர்லாந்து நாடு முழுக்க தடை போட்டப்போ அதை வேலை இடத்து பாதுகாப்பு சட்டமாத்தான் கொண்டு வந்தாங்க, கஸ்டமரை திருத்தறதுக்குன்னு இல்ல. பார் ஊழியரும் ஃபேக்டரி ஆள் மாதிரி தொழிலாளிதானே. ஒரு வருஷம் கழிச்சு தம் அடிக்காத பார் ஊழியர்களோட எச்சில்ல கோட்டினின் அளவு 80 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு (நிகோட்டின் உடம்புக்குள்ள போனா அதுவா மாறும், புகை பட்டதுக்கு அதான் சாட்சி), அப்போ தடை இல்லாத வடக்கு அயர்லாந்துல 20தான்.

ஓனர் இஷ்டம்னு விட்டா என்ன ஆகும்னு ஸ்பெயின்ல பாத்தாச்சு. 2006ல சட்டம் போட்டு நூறு சதுர மீட்டருக்கு குறைஞ்ச பாருங்களை அவங்க இஷ்டத்துக்கு விட்டாங்க, பெரும்பாலானவங்க தம் பக்கமே சாஞ்சாங்க, கடைசில 2011 ஜனவரில முழுத் தடையே போட வேண்டியதா போச்சு. நடுவுல ஊழியர்களை டெஸ்ட் பண்ணப்போ முழுசா நிறுத்தின இடத்துல கோட்டினின் பாதிக்கு மேல குறைஞ்சுது, தனி இடம் ஒதுக்கின இடத்துல கால்வாசி சொச்சம்தான். டக்ட்வேலை சொல்றதும் அதேதான்.

ஹெதர் குரோவ்னு ஒருத்தங்க, கனடாவுல ஒட்டாவா, நாப்பது வருஷம் சர்வர் வேலை, வாழ்க்கைல ஒரு சிகரெட் தொட்டதில்ல. 2002ல நுரையீரல் புற்றுநோய்னு தெரிஞ்சுது. வேலை இடத்துப் புகையால வந்ததுன்னு நஷ்டஈடு கேட்டு வாங்கினாங்க, அதோட விடாம நாடு முழுக்க சுத்தி சட்டம் போடுங்கன்னு பேசினாங்க, 2006ல போயிட்டாங்க. நஷ்டஈடுங்கற வார்த்தைய அந்த கருத்து கட்டத்துல எழுதி பாருங்க, மேனேஜர் அதை ரெண்டு தடவை படிப்பார்.

மூணாவதுடேபிள்:

தங்கச்சி சொல்றது சரிதான், ஆனா ஆறடி ஆள் கதை அப்படியே நிக்குதே.

சங்கத்துக்காரி:

நிக்குதுதான் அண்ணே. அதுக்குத்தான் முதல்லயே யார் போய் சொல்றதுன்னு எழுத்துல வாங்கணும். இங்கிலாந்துல 2007 ஜூலைலேர்ந்து தடை, அங்க தம் அடிச்சவனுக்கு போடற அபராதத்தைவிட தடுக்காம விட்ட பொறுப்பாளருக்கு பல மடங்கு ஜாஸ்தி. அப்போ மேனேஜர் கணக்கு நோட்டை மூடிட்டு எந்திரிச்சு வந்துதானே ஆகணும்? நாங்க பேசின ஒரு இடத்துல சர்வர் ஒரு தடவை சொன்னா போதும், கேக்கலன்னா ட்யூட்டி மேனேஜர் வரணும்னு எழுதி வாங்கினோம். ஓடிப்போன பில்லை சம்பளத்துல பிடிக்கக்கூடாதுன்னும் சேத்தோம், அதுக்குத்தான் ரொம்ப இழுத்தாங்க.

ஐஸ்பக்கெட்:

கிளாஸுக்கு ஒரு சின்ன வழி, எங்க கவுண்டர்ல வெளிய போறவங்க கிளாஸ் மேல கோஸ்டரை வச்சு மூடிட்டு உள்பக்கம் எடுத்து வச்சிருவோம், வந்ததும் கேட்டா குடுப்போம். பில் ஓட்டத்துக்கு டேபிள் திறக்கும்போதே கார்டு வாங்கி வச்சிக்கறது. முதல்ல முறைச்சாங்க, இப்போ தானா நீட்டறாங்க.

ராத்திரிஷிப்ட்:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வரும்னு நினைக்கல. நேத்து ராத்திரி பேப்பரை குடுத்துட்டேன். முழுத் தடைக்கு டிக். கட்டத்துல இடம் பத்தாம பின்பக்கமும் எழுதினேன்: ரூம் கட்டறதா இருந்தா அதுக்குள்ள சர்வீஸ் கிடையாது, கஸ்டமரே கவுண்டர்ல வாங்கிட்டு போகட்டும், ரெண்டாவது தடவை சொல்றது ட்யூட்டி மேனேஜர் வேலை, வாக்கவுட் பில் (குடுக்காம ஓடினவங்களோடது) எங்க தலைல கூடாது, வெளிய டேபிள் டூட்டி சுத்தி சுத்தி எல்லாருக்கும், பிரேக் தம் அடிக்கறவனுக்கும் அடிக்காதவனுக்கும் ஒரே கணக்கு. கடைசி பாயிண்ட்டை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குச்சு, அதுல அடிபடப்போறது முதல்ல நான்தான்.

நஷ்டஈடு வார்த்தையும் போட்டேன். இன்னைக்கு டூட்டிக்கு போனா மேனேஜர் என்னை பாத்து, கையெழுத்து இன்னும் திருந்தலயேன்னார். சிரிச்சிட்டுத்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை மீட்டிங் வச்சிருக்காங்க, வீசிங் பையனும் பேசறேன்னு சொல்லியிருக்கான், என்ன ஆச்சுன்னு வந்து சொல்றேன்.

மூணாவதுடேபிள்:

வாக்கவுட் பில்லை விட்றாதீங்க கேப்டன். மத்ததுல கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் பரவால்ல.