உத்தம சோழனைக் கொலைகாரனாக எழுதலாமா?

பழையசுவடி:
பக்கத்து இழையில் மைக்கூடு எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஆவணம் வாய் மூடும் இடத்தில் எழுத்தாளன் வாய் திறப்பான். என் குறுநாவலில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொல்ல ஆள் அனுப்புவது அவன் சிற்றப்பன் உத்தமச் சோழன். உடையார்குடிக் கல்வெட்டே எனக்குச் சாட்சி" என்கிறார். ஐயா, அந்தக் கல்வெட்டை ஒருமுறையாவது முழுதாகப் படித்தீர்களா? காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. கரிகாலனின் தம்பி ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்லி, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. அந்தப் பட்டியலில் உத்தமன் எங்கே இருக்கிறான்? செத்து ஆயிரம் வருடம் ஆனவன் மறுப்பு எழுத வரமாட்டான் என்ற தைரியம்தானே?

மைக்கூடு:
இரண்டாம் ஆண்டு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், மிக்க நன்றி. ஆதித்தன் இறந்தது 970ஐ ஒட்டி. ராஜராஜன் அரியணை ஏறியது 985. நடுவில் 15 வருடம். அதில் பெரும்பகுதி ஆண்டது உத்தமச் சோழனா, என் பாட்டனா? இளவரசனைக் கொன்றவர்களின் நிலத்தில் அத்தனை வருடமும் யார் நெல் அறுத்தார்கள்? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரிக்கே உத்தமச் சோழன் மேல் சந்தேகம் இருந்தது. அவரைவிட நீங்கள் பெரிய ஆள் என்றால் சொல்லிவிடுங்கள், ஒதுங்கிக்கொள்கிறேன்.

பழையசுவடி:
சாஸ்திரியைப் படித்தவர், இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்து எழுதியதையும் படித்திருக்க வேண்டும். பாதியில் புத்தகத்தை மூடிவிட்டீர்கள் போலும். இரண்டாம் ஆண்டில் வந்தது என்ன? அந்த ஊர்ச் சபைக்கு, அதாவது வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு, ஒரு அரசாணை. துரோகிகளின் நிலத்தை விற்கச் சொல்லும் ஆணை. கொலைகாரர்களை இப்போதுதான் பிடித்தோம் என்று அதில் இல்லை. இப்போதுதான் தண்டித்தோம் என்றும் இல்லை. சொத்து கைமாறும் வேலை எத்தனை வருடம் இழுக்கும் என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மைக்கூடு:
15 வருடம் இழுக்குமா? நல்ல ராஜ்ஜியம்! குடவோலை போட்டு ஆள் எடுத்தவர்களுக்கு நாலு துண்டு நிலத்தை விற்கத் தெரியவில்லை.

வழிப்போக்கன்:
ஒரு சின்னக் கேள்வி. வரலாற்று மனிதருக்குக் கதையில் "உயிர் கொடுப்பது" என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? பேச வைப்பதையா, நடந்ததற்குக் காரணம் கற்பிப்பதையா, நடக்காததைச் செய்ய வைப்பதையா? மூன்றும் வேறு வேறு அல்லவா? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பழையசுவடி:
உத்தமனைப் பற்றி இன்னும் ஒன்று. ராஜேந்திரனுக்கு இளமையில் வழங்கிய பெயர் மதுராந்தகன். உத்தமனின் சொந்தப் பெயரும் மதுராந்தகன். அண்ணனைக் கொன்றவன் பெயரையா ராஜராஜன் தன் மகனுக்கு வைப்பான்? உத்தமனைப் பெற்ற செம்பியன் மாதேவியை ராஜராஜன் காலத்தில் எந்தக் குறையும் இல்லாமல் போற்றியிருக்கிறார்கள். இதற்கெல்லாம் உங்கள் குறுநாவலில் என்ன பதில்?

மைக்கூடு:
மதுராந்தகன் என்றால் மதுரைக்கு எமன். சோழர் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் வைக்கக்கூடிய பெயர். அப்புறம், மகன் செய்ததற்குத் தாயை ஏன் வெறுக்க வேண்டும்? உங்கள் வீட்டில் அப்படியா? திருவாலங்காட்டுச் செப்பேடு என்ன சொல்கிறது? சிற்றப்பனுக்கு நாட்டின் மேல் ஆசை இருந்தவரை அருள்மொழி, அதாவது ராஜராஜன், அதை மனத்தாலும் விரும்பவில்லை என்கிறது. யாருக்கு ஆசை? செப்பேடே சொல்கிறது. எழுத்தாளனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

பழையசுவடி:
ஆசை இருந்தால் கொலைகாரனா? உங்களுக்குக்கூடத்தான் போன வருடச் சிறுகதைப் போட்டியில் முதல் பரிசின் மேல் ஆசை இருந்தது. யாரையும் கொல்லவில்லையே.

மைக்கூடு:
வந்துவிட்டது பார். அந்தப் போட்டிக்கு நடுவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். என் கதையை மூன்றாம் பக்கத்தோடு தூக்கிப் போட்ட அதே கைதான் இப்போது உத்தமனுக்காகக் கண்ணீர் வடிக்கிறது.

பழையசுவடி:
மூன்றாம் பக்கத்தில் சோழ அமைச்சர் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பழைய சோறு சாப்பிட்டார். மிளகாய் இங்கே வந்தது போர்ச்சுகீசியர் வந்த பிறகு. ஐந்நூறு வருடத்துக்குப் பிந்திய மிளகாயைக் கடித்தவருக்கு வயிறு எரிந்ததோ இல்லையோ, எனக்கு எரிந்தது.

அரைத்தூக்கம்:
அமைச்சர் மிளகு என்று நினைத்து வாங்கியிருப்பார், விடுங்கள் சார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்.

ஒற்றெழுத்து:
மைக்கூடு கவனத்துக்கு: "உத்தமச் சோழன்" அல்ல, "உத்தம சோழன்". அங்கே ஒற்று மிகாது. ஒரு பெயரைப் பிழையில்லாமல் எழுதாதவர் அந்த மனிதனைப் பற்றி நாவல் எழுதுகிறார்.

மைக்கூடு:
இலக்கண போலீசும் வந்தாயிற்று. ஒற்று மிகுந்தால் உத்தமன் நிரபராதி ஆகிவிடுவானா?

தாழ்வாரம்:
நான் பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவள்தான். ஆனால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. அந்த ஆணை கொலைகாரர்களின் சொத்தோடு நிற்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகள், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள் வரைக்கும் போகிறது. ஒரு மாப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். மாமனார் செய்ததோ செய்யாததோ அவனுக்குத் தெரியாது. உழுத நிலம் போகிறது, வாசலில் சபையார் நிற்கிறார்கள், மனைவி உள்ளே அடுப்படியில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கதையை எழுத உத்தமன் குற்றவாளியா இல்லையா என்று தெரியவே வேண்டாம். இதே குடும்பத்தில் இன்னொன்றும் உண்டு. ராஜராஜனின் தந்தை சுந்தர சோழர் இறந்ததும் உடன்கட்டை ஏறிய வானவன் மாதேவியைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு "முலைமகப் பிரிந்து முழங்கெரி நடுவணும் தலைமகற் பிரியாத் தையல்" என்கிறது. பால்குடிக் குழந்தையை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்? வாங்கிக்கொண்ட கை யாருடையது? அங்கே எழுதலாமே.

பழையசுவடி:
அம்மா, அருமையாகச் சொன்னீர்கள். மாமன், மாப்பிள்ளை வரை தேடிப் பட்டியல் போட எத்தனை காலம் பிடித்திருக்கும்? அதனால்தான் இரண்டாம் ஆண்டு வரை வந்தது. நான் சொன்னதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

மைக்கூடு:
தலைகீழ். மாப்பிள்ளை வரை தண்டிக்கிற கோபம் 15 வருடம் ஆறிப்போகாமல் இருந்திருக்கிறது. தம்பி பதவிக்கு வந்ததும் வெடிக்கிறது. அதுவரை யாரோ தடுத்து வைத்திருந்தார்கள். யார்?

தாழ்வாரம்:
நான் சொன்னது அதுவே இல்லை.

பழையசுவடி:
தடுத்தார்கள் என்று எந்த வரியில் இருக்கிறது? வரியைக் காட்டுங்கள். இன்னொன்று, ரவிதாசனின் பட்டம் பஞ்சவன் பிரமாதிராஜன். பஞ்சவன் என்றால் பாண்டியன். பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையைக் கொண்டவன் ஆதித்தன். பழி வாங்கக் காரணம் யாருக்கு இருந்தது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் பாண்டிய நாட்டு ஆள் என்று எழுதினால் அரண்மனைக்குள் சதி வராது, திரைச்சீலைக்குப் பின்னால் யாரும் கிசுகிசுக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது திரைச்சீலை.

மைக்கூடு:
அதே மூவரில் பரமேஸ்வரனின் பட்டம் இருமுடிச் சோழ பிரமாதிராஜன். அதைச் சொல்லாமல் விட்டீர்களே, ஏன்? சோழப் பட்டம் வாங்கிய அதிகாரிகள் அரண்மனைக்கு வெளியேவா உட்கார்ந்திருந்தார்கள்?

வழிப்போக்கன்:
என் கேள்வி மேலே இருக்கிறது. யாராவது பார்த்தீர்களா?

ஒற்றெழுத்து:
"இருமுடிச் சோழ" என்பதில் ஒற்று சரி. மைக்கூடு முதல் தடவையாகச் சரியாக எழுதியிருக்கிறார்.

நிர்வாகி:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். போட்டி, பரிசு விவகாரங்களுக்குத் தனி இழை இருக்கிறது.

பழையசுவடி:
நிர்வாகிக்கு மதிப்புக் கொடுத்துப் போட்டியைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஒன்று கேட்டாக வேண்டும். இரண்டாம் ஆண்டு ஆணையில் "இப்போதுதான் பிடிபட்டார்கள்" என்ற வரியை மைக்கூடு காட்டட்டும். ஒரே ஒரு வரி. நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்.

மைக்கூடு:
"முன்பே தண்டித்தாயிற்று" என்ற வரியை நீங்கள் காட்டுங்கள். நான் குறுநாவலைக் கிழித்துப் போடுகிறேன்.

அரைத்தூக்கம்:
இரண்டு பேரும் காட்டாமல் இருந்தால் குறுநாவலும் இருக்கும், சாரும் இருப்பார். எங்களுக்குத்தான் கஷ்டம்.

பழையசுவடி:
சிரிப்பு வேண்டாம் தம்பி. என்னிடமிருந்து கல்வெட்டுத் தொகுதியை இரவல் வாங்கிப்போன ஒருவர் இந்த இழையில் இருக்கிறார். இரண்டு மழைக்காலம் போயிற்று. அது கையில் இருந்தால் அந்த ஆணையை வரி வரியாக இங்கேயே தட்டெழுதிப் போட்டிருப்பேன்.

மைக்கூடு:
அந்தத் தொகுதியில் சரியாக அந்தப் பக்கம் கிழிந்திருந்தது. கிழித்தது நான் இல்லை.