எச் பைலோரிக்குச் சீனக் கஷாயம் மட்டும் போதுமா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன். எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி, எச் பைலோரி கிருமி என்று வந்து 14 நாள் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கூட வேலை செய்யும் சீன அக்கா, தன் அம்மாவுக்குக் கஷாயத்திலேயே சரியாகிவிட்டது என்கிறார். எதை நம்புவது?

பதில் 1: தயவுசெய்து மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தக் கிருமியை 1994லேயே புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கஷாயத்தில் எரிச்சல், உப்புசம் குறையலாம், அதற்காகக் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை.

பதில் 2: சீன மருத்துவத்தை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். ஹுவாங்லியன் என்ற கசப்புக் கிழங்கில் பெர்பெரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, சீனாவில் அதை ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள், அதாவது துணையாக. குடிப்பதானால் இரண்டு மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தால் பெர்பெரின் வேண்டவே வேண்டாம்.

பதில் 3: அப்புறம் ஒன்று, கோர்ஸ் முடிந்து 4 வாரமாவது கழித்து கிருமி போய்விட்டதா என்று பார்க்க யூரியா மூச்சுப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு 2 வாரம் முன்பே ஒமெப்ரசோல் மாதிரி அமில மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். அந்த அக்காவின் அம்மா இதைச் செய்தாரா என்று கேளுங்கள்.