இக்னாத்தியேவ் பற்றிய பலகை: எந்தத் தேதி சரி, எந்தப் பட்டம் சரி?

கீழக்கரை வாசகர்:
பிளஸ் டூ வரலாற்று மாணவர்களுக்காக ரஷ்யப் பேரரசின் தூதர் நிகொலாய் இக்னாத்தியேவ் பற்றி ஒரு பலகை எழுதுகிறோம். நூறு சொல்லுக்குள் முடிக்க வேண்டும். துருக்கியுடன் அவர் போட்ட சான் ஸ்டெபானோ ஒப்பந்தத்துக்கு ஒரு புத்தகத்தில் 1878 பிப்ரவரி 19, இன்னொன்றில் மார்ச் 3. சீனாவுடன் போட்ட பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) ஒப்பந்தத்துக்கு 1860 நவம்பர் 2 என்றும் 14 என்றும் இருக்கிறது. எதை எழுதுவது? அவர் வென்றவரா, தோற்றவரா என்றும் பிள்ளைகள் கேட்பார்கள்.

தேவிபட்டினத்தான்:
இரண்டு தேதியும் சரிதான் அண்ணே. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் ஒரே திதிக்கு வேறு வேறு நேரம் சொல்கிற மாதிரி, இதுவும் கணக்கு மாறுவதால் வருவது. ரஷ்யாவில் 1918 வரை ஜூலியன் நாட்காட்டிதான். அதை இன்றைய கிரெகோரியன் கணக்குக்கு மாற்ற, 19ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 12 நாள் கூட்டுங்கள். 1878 பிப்ரவரிக்கு 28 நாள், ஆகவே பிப்ரவரி 19 என்பது மார்ச் 3 ஆகிறது. 20ஆம் நூற்றாண்டுக்கு 13 கூட்ட வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். அவர் இறந்தது பழைய கணக்கில் 1908 ஜூன் 20, புதிய கணக்கில் ஜூலை 3. 12 கூட்டினால் ஒரு நாள் குறைந்துவிடும். பிறந்தது 1832 ஜனவரி 29, புதிய கணக்கில். பலகை முழுக்கப் புதிய கணக்கையே வையுங்கள். சான் ஸ்டெபானோவுக்கு மட்டும் பழைய தேதியையும் பக்கத்தில் போடுங்கள். 1861இல் பண்ணையடிமை ஒழிப்பு அறிக்கையில் ஜார் கையெழுத்திட்டதும் அதே பிப்ரவரி 19. ரஷ்யருக்கு அது சாதாரண நாளல்ல.

இன்னொன்று. 1860 படத்துக்குக் கீழே ‘கவுன்ட்’ என்று போட்டுவிடாதீர்கள். அந்தப் பட்டம் அவர் தந்தை பாவெல் வழியாகக் குடும்பத்துக்கு வந்தது 1877இல்தான். பீக்கிங்கில் அவர் வெறும் ஜெனரல் இக்னாத்தியேவ்.

பாம்பன் கரை:
வென்றவர், தோற்றவர் என்று ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம். இரண்டு ஒப்பந்தத்தையும் அடுத்தடுத்து வைத்தாலே பிள்ளைகளுக்கு விளங்கும்.

பீக்கிங்கில் அவருக்கு வயது 28. பின்னால் படை கிடையாது. நகருக்குள் நுழைந்த பிரிட்டன், பிரான்ஸ் படைகளுக்கும் சீன அரசுக்கும் இடையே சமரசம் பேசினார். அதற்குப் பலனாக உசூரி ஆற்றுக்குக் கிழக்கே கடல் வரையுள்ள நிலம் ரஷ்யாவுக்கு வந்தது. விளாதிவஸ்தோக் இருப்பது அங்கேதான்.

சான் ஸ்டெபானோவில் கதை தலைகீழ். துருக்கியைப் போரில் வென்ற ரஷ்யப் படை கான்ஸ்டான்டினோப்பிள் (இன்றைய இஸ்தான்புல்) வாசலிலேயே நிற்கிறது. டான்யூபிலிருந்து ஏஜியன் கடல் வரை பெரிய பல்கேரியா என்று எழுதி வாங்கினார். ஆனால் பால்கனில் பெரிய ஸ்லாவிய நாடு உருவாகாது என்று 1877 ஜனவரியிலேயே புடாபெஸ்டில் ஆஸ்திரியாவுக்கு ரஷ்யா வாக்குக் கொடுத்திருந்தது. அது மீறப்பட்டதும் ஆஸ்திரியா எதிர்த்தது. பிரிட்டனோ ஏறத்தாழ 7,000 இந்தியச் சிப்பாய்களைக் கப்பலேற்றி மால்டாவுக்கே கொண்டுபோனது. இந்த வரியை விட்டுவிடாதீர்கள், நம் பிள்ளைகள் கட்டாயம் நின்று படிப்பார்கள்.

கான்ஸ்டான்டினோப்பிளை ஒட்டிய போஸ்போரஸ் நீரிணை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு நம்ம ஊர் அளவையே சொல்லுங்கள். பாம்பன் ரயில் பாலம் சுமார் 2 கி.மீ. போஸ்போரஸ் மிகக் குறுகும் இடம் 700 மீட்டர், பாலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒடேசா கோதுமை கடல் வழியே வெளியேற அந்த வாய் ஒன்றுதான். அதன் கரையில் 1864 முதல் 1877 வரை தூதராக இருந்தவர் இவர். ஆனாலும் சான் ஸ்டெபானோ ஒப்பந்தத்தைத் திருத்த வல்லரசுகள் 1878இல் கூடிய பெர்லின் மாநாட்டுக்கு இவரை அனுப்பவில்லை. 80 வயது வெளியுறவு அமைச்சர் கோர்ச்சகோவும் லண்டன் தூதர் ஷுவாலோவும் போனார்கள். பெரிய பல்கேரியா அங்கே மூன்றாக உடைந்தது.

தொண்டிக்காரர்:
1881–82இல் உள்துறை அமைச்சராக இருந்ததையும் எழுதுங்கள். யூதர்கள் கிராமங்களில் புதிதாகக் குடியேறுவதைத் தடுத்த 1882 மே சட்டங்கள் அவர் காலத்தவை. அதை மறைத்துவிட்டு, சோபியாவில் அவர் பெயரில் தெரு இருக்கிறது என்று மட்டும் எழுதினால் அது நேர்மையில்லை.

வரைபடத்துக்கு ஒரு யோசனை: பெர்லின் மாநாடு வகுத்த பல்கேரிய எல்லையைத் தாளில் வரைந்து, சான் ஸ்டெபானோ எல்லையை ஓ.ஹெச்.பி. ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) சிவப்பு மார்க்கரால் வரைந்து மேலே ஒட்டுங்கள். மேல் விளிம்பில் மட்டும் செலோ டேப். பிள்ளைகள் தூக்கிப் பார்த்தால் பறிபோன ஏஜியன் கரை கண்ணில் படும்.