மகன் ஃப்ரட்டர்னிட்டியில் சேரலாமா? அனுபவமுள்ள பெற்றோரின் ஆலோசனை தேவை

வணக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் ஒரு ஃப்ரட்டர்னிட்டியில் (கல்லூரி ஆண் மாணவர் சங்கம்) சேர விரும்புகிறான். முதலாண்டு முழுவதும் விடுதி அறையில் தனியாகச் சாப்பிட்டபடியே என்னிடம் பேசியவன், அங்கே நண்பர்கள் கிடைத்த பிறகுதான் தொலைபேசியில் சிரிக்கவே தொடங்கினான் என்பதால், ஒரே சொல்லில் மறுக்க மனம் வரவில்லை.

ஆனால் 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர் டிமதி பியாட்ஸா, ஒரு ஃப்ரட்டர்னிட்டியில் புதியவர்களை அளவின்றிக் குடிக்க வைத்த இரவில் படிக்கட்டில் விழுந்து, ஏறத்தாழ 12 மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸை அழைக்காத நிலையில் கிடந்து, பின்னர் இறந்ததை என்னால் மறக்க முடியவில்லை. (நம் ஊர் ராகிங் தேடி வந்து பிடிக்கும், இங்கே பிள்ளைகள் தாமே விரும்பிப் போகிறார்கள்.)

2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், புதிதாகச் சேர்பவர்களை இப்படித் துன்புறுத்தும் விதிமீறல்களை அமைப்பின் பெயருடன் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்கிறது. மகனின் கல்லூரி அறிக்கையில் அந்தச் சங்கத்தின் பெயர் இல்லை; அதை மட்டும் நம்பலாமா?

விருந்து நாள்களில் குடிக்காமல் பொறுப்பேற்பவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்பதை எப்படி அறிவது? ஆபத்தில் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைப்பவருக்கு அம்மாநிலத்தில் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதை, அறிவுரையாகத் தோன்றாமல் அவனிடம் எப்படிச் சொல்வது? பிள்ளைகளை அனுப்பியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். சேர்க்கை அடுத்த வாரம்.